வாசலில் வைத்த மீன்

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவர் கடலில் இறந்தார். எண்ணூர்க் குப்பத்தில் நானும் கைக்குழந்தையும் மட்டும்தான். விடியற்காலையில் யாரோ வாசலில் மீன் வைத்துவிட்டுப் போவார்கள். எவன், என்ன எண்ணத்தில் வைக்கிறானோ என்று பயந்து பூனைக்குப் போட்டுவிடுவேன். வியாசர்பாடியில் பிறந்த எனக்குக் குப்பத்து வழக்கம் தெரியாது.

ஒருநாள் கதவோரம் காத்திருந்து, மீன் வைத்த கையைப் பிடித்தேன். பக்கத்து வீட்டு மேரி அக்கா.

“யாரு குடுத்தனுப்புறாங்கக்கா?”

“ஒருத்தன் இல்லம்மா. கடலுக்குப் போவ ஆளில்லாத வூட்டுக்கு எல்லாப் போட்லருந்தும் எடுத்து வைப்பாங்க. உன் வூட்டுக்காரரும் வச்சிகினுதான் இருந்தாரு.”

மீன் குறைந்த நாட்களில், “எவளுக்குக் குடுத்துட்டு வர்ற?” என்று அவரைக் கேட்டிருக்கிறேன். அவர் கைகழுவப் போய்விடுவார்.

அன்று அந்த மீனைக் குழம்பு வைத்தேன். அவரிடம் நான் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் ஆறவில்லை.