நிரம்பியபடி திரும்பிய தண்ணீர்

மதினியின் தண்ணீர் பாட்டில் காலையில் நிரம்பிப் போகும். சாயங்காலம் நிரம்பியபடியே வீடு திரும்பும். யாரோ கலர் குடித்துவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் பாட்டில்தான். அடையாளத்துக்கு அதன் கழுத்தில் சிவப்பு நூல் சுற்றியிருப்பாள். வந்ததும் தண்ணீரை வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாள். எங்கள் லைன் வீட்டில் செழிப்பாக இருந்தது அந்தச் செடி ஒன்றுதான்.

அவள் என் அண்ணன் மனைவி. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூர் வந்து, ஒரே பனியன் கம்பெனியில் சேர்ந்தோம். அவள் ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங். பீஸ் ரேட் வேலை, எண்ணிக்கைக்குத்தான் கூலி. எழுந்து போனால் துணி குவிந்துவிடும். பாத்ரூம் வாசலிலும் வரிசை. "தண்ணி குடிச்சா எந்திரிக்கணும்லா பிள்ள" என்பாள்.

குனிந்தே தைத்து இடுப்பு வலி வந்தது. மெடிக்கலில் போய் 'செட்' கேட்பாள். மாத்திரைக்குப் பெயர் கேட்கும் வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. வலியைச் சொன்னால் போதும், கலர் கலராய் மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். கடைக்காரர் நல்ல மனிதர்தான். "சாப்ட்டுட்டுப் போடுங்கக்கா. தண்ணி நல்லாக் குடிங்க. தெனமும் இதையே போட்டா ஆகாதுங்க, டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்பார். ஊதுகிற சங்கை ஊதிவிட்டுக் கவரையும் நீட்டிவிடுவார். அவர் அதிகம் கேள்வி கேட்கத் தொடங்கியதும், மதினி சாயங்காலச் செட்டை வேறு கடையில் வாங்கினாள். அங்கே மாத்திரை வேறு நிறம். ஆகவே வேறு மருந்து என்றுதான் இருவரும் நினைத்தோம். காலையில் வெறும் வயிற்றில் டீயோடு ஒரு செட், ஷிப்மென்ட் நெருக்கினால் நடுவில் இன்னொன்று. வலி அடங்கிவிடும், கை ஓடும். "அக்காவாட்டத் தைக்கோணுமுங்க" என்று சூப்பர்வைசர் மற்றவர்களிடம் சொல்வார். அதைக் கேட்டு இவள் முகம் மலர்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு கிறிஸ்துமஸ் ஆர்டர் முடிந்தபோது அவள் முகமும் காலும் வீங்கிக் கிடந்தன. கால் கடுக்கிறதென்று அதற்கும் ஒரு செட் போட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கவர்களையும் மேசையில் கொட்டி, அட்டைத் துண்டுகளைத் திருப்பிப் படித்தார். நிறம்தான் வேறு, இரண்டிலும் வலி மருந்து ஒன்றுதான் என்றார். வருஷக்கணக்காக அளவு மீறி, அதுவும் தண்ணீர் இல்லாமல் காய்ந்த உடம்பில் போட்டதில் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன, இனித் திரும்பாது என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தினமும் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்.

குடிக்கிற தண்ணீர் இனி வெளியேறாது என்பதால், டயாலிசிஸ் தொடங்கியபின் அவளுக்குத் தண்ணீர் அளந்துதான். அதே பாட்டிலில் அண்ணன் பேனாவால் கோடு போட்டான். ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைதான். சித்திரை வெயிலில் சிமெண்ட் ஷீட் கூரைக்கு அடியில் படுத்துக்கொண்டு, "ஏ பிள்ள, நாக்கையாவது நனைச்சு விடேன்" என்று கெஞ்சுவாள். ஈரத்துணியை உதட்டில் வைப்பேன். "குடி குடின்னப்பல்லாம் செடிக்கு ஊத்துனேன்" என்று ஒருநாள் சிரித்தாள். அடுத்த கிறிஸ்துமஸ் ஆர்டர் வருவதற்குள் போய்விட்டாள்.

இப்போது அவள் மகள் ஓவர்லாக்கில் உட்காருகிறாள். காலையில் நானே பாட்டிலை நிரப்பிப் பையில் வைக்கிறேன். இதைக் குடி, வலித்தால் செட் வாங்காதே, என்னிடம் சொல், டாக்டரிடம் போவோம் என்று தொண்டை வறளச் சொல்லி அனுப்புகிறேன். "சரி அத்தை" என்பாள். நேற்றுச் சாயங்காலம் அவள் பையை வாங்கி ஆணியில் மாட்டப் போனேன். காலையில் இருந்த அதே கனம்.