பிரேக்குக்குத் தேய்த்த நல்லெண்ணெய்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டும் கல்கத்தாவில் சொந்த முயற்சியால் முன்னுக்கு வந்தவன் நான். சீமைக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

"ரிப்பேர் பார்க்கிற மோட்டார் கம்பெனியிலே கொடுத்துப் பாருங்கோளேன்" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாததா அங்கே இருக்கற மிஸ்திரிக்குத் தெரியப்போறது?"

சனிக்கிழமை தலைக்குத் தேய்த்து மிஞ்சிய நல்லெண்ணெயை வண்டி முழுக்கத் தேய்த்தேன். பிரேக்கில் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் தோல்பட்டை காய்ந்திருந்தது, அதையும் ஊறவைத்தேன்.

அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பவானிபூர் போனேன். குறுக்கே டிராம் வந்தது. பிரேக்கைப் பிடித்தேன், வழுக்கியது, வண்டி நிற்கவில்லை.

"ஐயோ, நிறுத்துங்கோ!"

வண்டியைச் சாய்த்தேன், இரண்டு பேரும் விழுந்தோம். அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி டிராம் சக்கரம் உருண்டு போயிற்று.

அவள் எழுந்து, "எனக்கு ஒண்ணுமில்லை. உங்களுக்கு எங்கேயாவது அடி பட்டுதா?" என்றாள்.

மறுநாள் வண்டியைக் கம்பெனிக்குத் தள்ளிக்கொண்டு போய், "எனக்குத் தெரியாது, நீங்களே பாருங்கள்" என்று மிஸ்திரியிடம் சொன்னேன். வாழ்நாளில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.