பத்து வருடத்தில் வரும் ஒளி

எழுபத்தொன்பதாம் வருடம், வட்டவளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கக் கூடையை இறக்கியபோது என் தலைத்துணியில் இரத்தம் இருந்தது. அட்டை கடித்திருக்கும் என்று நினைத்தேன். அட்டை எதுவும் இல்லை. பிறந்ததிலிருந்து முன்மயிர் ஓரத்தில் தொடங்கி இடது கன்னம் வரை பரவியிருந்த சிவப்பு மச்சம் தடித்து, அதன் மேல்முனையில் ஒரு முடிச்சு கிளம்பிக் கசிந்துகொண்டிருந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அதுவரை இரண்டு பேர் பெண் பார்க்க வந்து, தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கிரகணத்தன்று கொழுந்தெடுக்கப் போனதால்தான் வயிற்றிலிருந்த எனக்கு இப்படி ஆனது என்று அம்மா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். கிரகணத்துக்குத் தோட்டத்தில் லீவு கொடுப்பார்களா என்ன! இரத்தம் கசியத் தொடங்கியபின் லயத்து வரிசை வீடுகளில் சிலர் எனக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். செத்துவிடலாம் போலிருந்தது.

தோட்டத்து மருந்துக்காரர் ஊதா மருந்து பூசினார். சிவப்போடு ஊதாவும் சேர, தேருக்குச் சோடித்த மாதிரி ஆனேன். அம்மா என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போனாள்.

தோல் வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையானவர். இது யாருக்கும் தொற்றாது, நுண்குழாய்கள் (தோலுக்கடியில் ஓடும் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள்) விரிந்து கிடப்பதுதான் என்றார். வெளிநாட்டில் லேசர் (ஒரே நிறத்தில் குவிந்து வரும் ஒளி) கொண்டு இதை எரிக்கிறார்கள், இப்போதைக்குத் தோலும் சேர்ந்து வெந்துவிடுகிறது என்றும் சொன்னார்.

“பத்து வருசத்திலை சிவப்பை மட்டும் தேடிச் சுடுற மெசின் வரும், பிள்ளை. அதுவரைக்கும் தோலைப் பழுதாக்காமல் வச்சிருக்க வேணும்.”

“பத்து வருஷத்துல எனக்கு முப்பத்திரண்டுங்க ஐயா,” என்றேன். இப்போதே ஏதாவது செய்யச் சொல்லி அம்மா அவர் காலைத் தொடப் போனாள்.

கசியும் முடிச்சை மட்டும் உறையவைத்தார் (கரியமில வாயுவைப் பனியாக்கித் தோலில் அழுத்துவது). இரண்டு மாதத்துக்கு அங்கே எதுவும் உரசக்கூடாது என்றார்.

“கூடையை முதுகிலைதானே போடுறனீங்கள்?”

“ஆமாங்க.”

பொய்யில்லை. கூடை முதுகில்தான் தொங்கும். ஆனால் அதைத் தாங்கும் கயிறு தலைமேல், முன்மயிரை அழுத்திக்கொண்டு ஓடும். அதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. விடியற்காலை வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுக்கும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய வாய் எங்களுடையது.

பத்தாம் நாள் பொருக்கின் ஓரம் விலகி, உள்ளே வெளிறிய புதுத்தோல் தெரிந்தது. கண்ணாடியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். “கண்ணு பட்டுறப் போகுது, வை கீழ!” என்று அம்மா பிடுங்கினாள். அத்தனை சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

அந்த வாரமே கங்காணி வாசலுக்கு வந்துவிட்டார். “இன்னும் எத்தன நாளைக்குப் புள்ள? கொழுந்து முத்திப் போவுது. பேரை வெட்டிருவாங்க.”

போனேன். துணியை நாலாக மடித்துக் கயிற்றுக்கடியில் வைத்தேன், அது போதுமென்று நம்பினேன். அன்று மழை. கயிறு ஊறிக் கனத்தது. மாலையில் துணியை எடுத்தபோது பொருக்கும் புதுத்தோலும் அதோடு வந்தன. சீழ் பிடித்தது. ஆறிய இடத்தில் கெலாய்டு (ஆறிய பிறகும் வளர்ந்துகொண்டே போகும் தழும்பு) கிளம்பியது.

“என்ன செய்தனீங்கள்?” என்று வைத்தியர் கேட்டார். மேசையிலிருந்த துவாயைத் தலையில் போட்டு, இரு முனைகளையும் முதுகுப்பக்கம் இழுத்துக் காட்டினேன்.

“நான் கேட்டிருக்க வேணும்,” என்றார். “இனி இந்த முகத்திலை ஒருத்தரையும் கை வைக்க விடாதேங்கோ. எங்கை சுட்டாலும் இப்பிடிக் கிளம்பலாம். அந்த மெசின் வந்தாலும் எனக்குப் பயம்தான்.”

“அப்ப நான் எதுக்குங்க ஐயா காத்திருக்கணும்?”

அவர் மருந்துச் சீட்டை எழுதி அம்மாவிடம் நீட்டினார். கினிகத்தேனை வரை அம்மா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

இதே மச்சத்தோடு இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வைத்தியர் கேட்காவிட்டாலும் உங்கள் வேலையைச் செய்து காட்டுங்கள். வெட்கப்பட்டால் என்னைப்போலத்தான்.

பயம் என்றுதானே சொன்னார், முடியாது என்று சொல்லவில்லையே என்று நான் காத்திருக்கவே செய்தேன். மூன்றாவதாக ஒருவர் பெண் பார்க்க வந்தார். மச்சம் இருந்தால் என்ன என்றார். மெஷின் வரட்டும், நல்ல முகத்தோடு மாலை போட்டுக்கொள்கிறேன் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். இரண்டு வருடம் பார்த்துவிட்டு அவர் டயகம பக்கம் பெண்ணெடுத்தார். புத்தி கெட்டவள் நான், வேறென்ன சொல்ல?

தழும்பில் உணர்ச்சி இல்லை. மழைத்துளி விழுந்தாலும் தெரியாது.

போன மாதம் கண்டிக்குப் போனேன். பழைய வைத்தியர் நாட்டைவிட்டே போய்விட்டார். அந்த மெஷின் வெளிநாட்டில் வந்துவிட்டதாக அங்கிருந்த இளம் வைத்தியர் சொன்னார். இங்கே வர இன்னும் பத்து வருடமாவது ஆகுமாம். பிறகு நோயாளி விவரம் எழுதும் அட்டையை எடுத்து என் வயதைக் கேட்டார்.

முப்பத்திரண்டு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இருபத்திரண்டு என்று வந்துவிட்டது. அவர் பேனையை நிறுத்தி, மச்சத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.