முப்பத்தெட்டு பாட்டில்கள்

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியத்தை, கதவைத் தட்டிக் கேட்டு வாங்குகிற உத்தியோகம் என்னுடையது. போர்ட் பிளேரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம், அதில் நான் டெக்னீஷியன். பேதி, சீதபேதி, டைபாய்டு என்று குடலில் குடியேறுகிற கிருமிகளை வளர்த்துப் பெயர் கண்டுபிடிக்க வேண்டும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட நண்பர்களுக்குத் தெரியும், இதில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். ஆள் ஒதுங்கும்வரை காத்திரு, கப்பல் வரும்வரை காத்திரு, கிருமி வளரும்வரை காத்திரு. நானோ ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன். ஊருக்குள் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் எங்கள் வீடு, அங்கே சோறு போட்டுவிட்டு, "தட்டு இருக்கு, ஆளு எங்க?" என்று என் மனைவி தினமும் தேடுவாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சிலோனிலிருந்து திரும்பி வந்த நம் சனங்களைத் தெற்கே ஒரு தீவில், ரப்பர் தோட்டத்தில் குடியேற்றியிருந்தார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு அங்கே பிள்ளைக் காம்பரா என்று பெயர். அந்தப் பிள்ளைகளுக்கு டைபாய்டு. மருந்து கொடுத்தால் அடங்கும், அடுத்த மாதம் மறுபடி கிளம்பும். இரண்டு குழந்தைகள் போய்விட்டன. யாரோ ஒருவர் தனக்கு ஒரு நோவும் இல்லாமல் வயிற்றில் கிருமியைச் சுமந்துகொண்டு திரிகிறார், அவரைக் கண்டுபிடி என்று டாக்டர் குரியன் என்னை அனுப்பினார். குரியன் மலையாளி, முன்கோபி. எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை என்பதைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஞாபகப்படுத்துவார்.

பட்டாணி அளவு

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர், அதில் முப்பத்தெட்டு வீடு. வீட்டுக்கொரு சின்ன பாட்டில் கொடுத்தேன். உள்ளே கிருமி சாகாமலிருக்கக் கிளிசரின் கலந்த உப்புத்தண்ணீர், மூடியில் ஒரு குட்டிக் கரண்டி. "வீட்டுல யாரு சமைக்கிறாங்களோ அவங்களோடது. பட்டாணி அளவு போதும்" என்று வாசல் வாசலாகக் கத்தினேன். மற்ற ஊர்களில் இதற்கு நான் மூன்று நாள் கெஞ்சியிருக்கிறேன். சில வீட்டில் பாட்டிலைக் கழுவி, தேங்காய் எண்ணெய் ஊற்றி மாடத்தில் வைத்துவிடுவார்கள்.

இங்கே மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போகுமுன்பே, முப்பத்தெட்டும் காம்பரா வாசலில் வரிசையாக நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. காம்பராவில் பால் காய்ச்சுகிற மாரிமுத்து எனக்கொரு பிளேன்டீ கொடுத்தார். ஐம்பது வயசிருக்கும், தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. பால்மாவைக் கரைத்து ஆற்றி, ஒவ்வொரு டம்ளரிலும் விரலை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் பிள்ளையிடம் நீட்டுவார். ஆறேழு வாண்டுகள் அவர் முதுகில் ஏறிக்கொண்டிருந்தன. பாட்டில்களைச் சேர்த்துக்கொண்டு வந்த பாக்கியம் என்ற அம்மாள் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்: "பாத்துக்கங்க ஐயா, எங்க லயத்துல ஒரு பழுதும் வராது."

பெட்டிக்குக் காவல்

திரும்பும் கப்பலில் அந்தப் பெட்டியை விட்டு நான் அசையவில்லை. அதாவது, பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வெயில் படக்கூடாது, கவிழக்கூடாது, தாமதமாகக்கூடாது. கப்பலோ வழியில் ஒரு தீவில் தேங்காய் ஏற்ற நின்று, ஏற்றிக்கொண்டே இருந்தது. "இன்னும் எத்தனை மூட்டை?" என்று நான் கேட்டுக் கேட்டு, "அரே பாபு, பைட்டோ" என்று மாலுமிகளின் தலைவரான சாரங் என்னைப் பிடித்தே உட்காரவைத்தார்.

போர்ட் பிளேர் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாய் பக்கத்தில் படுத்திருந்தார். தங்கம் கொண்டுபோகிறேனா என்று அவருக்குச் சந்தேகம். ஒளித்து என்ன ஆகப்போகிறது, உள்ளதைச் சொன்னேன். பாய் மெதுவாக எழுந்தார், பாயைச் சுருட்டினார், நாலு கஜம் தள்ளி விரித்துவிட்டு அங்கிருந்தே கேட்டார்: "தங்கம்னா திருடன் வருவான், காவல் வேணும். இதுக்கு எதுக்குத் தம்பி காவல்?"

ஒற்றை வயிறு

டைபாய்டு கிருமியை ஒருவகைத் தட்டில் வளர்த்தால் கறுப்புப் புள்ளியாக எழும்பும். இரண்டு நாள் ஆக வேண்டும். அந்த இரண்டு நாளும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிவரை நடப்பேன், திரும்புவேன், தட்டுகள் வளர்கிற, திறக்கக்கூடாத சூட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பேன். இந்நேரம் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறதோ என்று மறுபடி ஜெட்டிக்கு நடப்பேன். முப்பத்தெட்டில் ஒன்று கறுத்தால் போதும், ஆள் அகப்பட்டுவிடுவார்.

முப்பத்தெட்டும் கறுத்திருந்தது. ஐயோ, எனக்குக் கண்ணே இருட்டிவிட்டது. ஒரு லயத்தில் சமைக்கிறவர்கள் அத்தனை பேருமா? உலகத்தில் எங்கேயாவது நடக்குமா? கிருமியைத் தொட்டு எடுக்கிற கம்பியை நெருப்பில் சுடாமலே ஒரு பாட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போய்விட்டாய் என்று குரியன் தாண்டவமாடினார். நான் மறுபடி எல்லாவற்றையும், அவர் முன்னாலேயே, கம்பி சிவக்கச் சிவக்கச் சுட்டுப் போட்டேன். போதாதென்று முப்பத்தொன்பதாவதாக என்னுடையதையும் வைத்தேன். இரண்டு நாள் கழித்து என் தட்டு சுத்தம், மற்ற முப்பத்தெட்டும் கறுப்பு. டாக்டர் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்தா இது? லயத்துக்கு மொத்தமும் கூடி ஒற்றை வயறாணோ?"

மண்டபத்துப் பாடம்

அடுத்த கப்பலில் அவரும் கூடவே வந்தார். பாக்கியத்தைக் கூப்பிட்டு நேராகக் கேட்டேன், யாருடையது அது என்று. அவர் அழ ஆரம்பித்துவிட்டார். சிலோனிலிருந்து வந்து இறங்கியபோது மண்டபம் முகாமில் டாக்டர் சோதனை நடந்ததாம். நல்ல உடம்புக்காரர்களை முன்னால் அனுப்பிவிட்டு, சீக்காளி என்று பட்டவர்களை நிறுத்திவைத்தார்களாம். பாக்கியத்தின் அக்காள் குடும்பம் அப்படி நின்றதுதான், இன்றுவரை வந்து சேரவில்லை. சர்க்கார் ஆள் பாட்டிலோடு வந்தால், யாரையோ கப்பலேற்றப் போகிறார்கள் என்று அர்த்தம். எனவே நான் பாட்டில் கொடுத்த அன்று சாயந்திரம் முப்பத்தெட்டு வீடும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என்னவென்று திட்டுவது? பாட்டில் கொடுக்கத் தெரிந்த நான், எதற்கு என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. பாக்கியம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு காம்பரா பக்கம் கையைக் காட்டினார்: "காச்சல்னு ஒரு நாள் படுக்காத மனுசன் மாரிமுத்து அண்ணன் ஒருத்தருதான். சர்க்காருக்கு நல்லதாக் குடுக்கணும்னுதான் ஐயா அவரோடதை எடுத்தோம்."

சூடு பார்த்த விரல்

மாரிமுத்துவிடம் சொல்லவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. டாக்டருக்கு அவ்வளவு தமிழ் வராது. உங்கள் மேல் தப்பில்லை, கிருமி உங்கள் பித்தப்பையில் உட்கார்ந்திருக்கிறது, கைவழியாகப் பாலுக்குப் போகிறது என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார். முதுகில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்குழந்தையை மெல்ல இறக்கிவிட்டு, நாலடி பின்னால் போய் நின்றார். அது மறுபடி அவரிடமே ஓடியது. அவர் இன்னும் பின்னால் போனார். அவர் தன் வலதுகையைப் பார்த்தபடியே கேட்டார்: "போன அந்த ரெண்டு புள்ளைகளுக்கும் நானா ஐயா குடுத்தேன்?"

மூன்று தடவை

அவரைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். காம்பராவில் காய்ச்சல் நின்றது, அதற்குப் பிறகு ஒரு பிள்ளைகூடப் படுக்கவில்லை. மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், தொடர்ந்து மூன்று தடவை தட்டு சுத்தமாக வந்தால் பிள்ளைகளிடம் திரும்பப் போகலாம் என்றார் டாக்டர். கப்பலுக்கொரு பாட்டில் வந்தது, அவர் பெயர் எழுதி. நான் ஜெட்டிக்கு ஓடுவேன், தட்டு போடுவேன், இரண்டு நாள் தூங்கமாட்டேன். கறுப்பு. மறுபடி கறுப்பு. ஒரு தடவை வெள்ளையாக வந்தது. ஆய்வுக்கூடத்தில் தனியாகக் குதித்தேன். அடுத்த கப்பலில் கறுப்பு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என்னுடையதையே அவர் பெயரில் மூன்று தடவை போட்டுவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. லயத்துக்காரர்களுக்கு அது எனக்கு முன்பே தோன்றியிருக்கிறது. அடுத்த தடவை நான் நேரில் போனபோது, காம்பரா வேலிக்கு வெளியே புல்வெட்டும் கத்தியோடு நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாரிமுத்து என்னிடம் வந்து பாட்டிலை நீட்டினார்: "இது என்னோடதுதான் ஐயா. அன்னைக்கு என்னோடதை வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் எங்களோடதை வச்சுக் குடுங்கன்னு வந்து நிக்கிறாங்க. பாட்டில் யாரோடதா இருந்தா என்ன, பால்ல போற விரலு என்னோடதுதானே?"

கிருமியைக் கண்டுபிடித்தவன் என்று எனக்கு வேலை நிரந்தரமானது, கண்டுபிடிக்கப்பட்டவருக்குப் புல்வெட்டும் கத்தியே நிரந்தரமானது, இதில் நியாயம் எங்கே என்று கேட்கிறவர்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு, தயவுசெய்து அவரவருடையதோடு, வரிசையில் வரவும்.