அப்பா வாசித்த கேள்விகள்

எங்கள் கல்லூரியின் போர்ட்டலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடி விழுந்தால், அந்தப் பெயருக்குரியவர் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறார் என்று அர்த்தம். பாடக்குறிப்பு, வருகைப்பதிவு, உள்மதிப்பீட்டுத் தேர்வு எல்லாமே இப்போது அதற்குள்தான் நடக்கின்றன. பொருளியல் துறையில் அதைக் கட்டி மேய்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு வேகமாகத் தட்டச்சு வரும் என்று எந்தப் புண்ணியவானோ போட்டுக்கொடுத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை தியாகதுருகத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன். வியர்வை அடங்குவதற்குள் துறைத்தலைவர் கூப்பிட்டார். அவர் திரையில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பெயர் இருந்தது. பக்கத்தில் இரண்டு கொடிகள்.

"உங்க பொண்ணு ரெண்டு டெஸ்டையும் குடகுல இருந்து எழுதியிருக்கு, பாருங்க" என்றார்.

ஒழுங்காக இருக்கும்வரை அவர்கள் துறையின் மாணவர்கள். தப்பு செய்தால் உடனே என் பிள்ளைகளாகிவிடுவார்கள்.

அவள் வெள்ளிமலைக்கும் மேலே ஓர் ஊர்க்காரி. கள்ளக்குறிச்சியில் அரசு விடுதியில் தங்கிப் படித்தாள். ஒரு நாள் விடாமல் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொல்லும் அசட்டு ஜோக்குகளுக்குக்கூடச் சிரிப்பவள். அவள் எப்போது குடகுக்குப் போனாள்?

"யாரையோ வச்சு எழுதறா, மேடம். இன்னிக்கு மூணு மணிக்குக் கடைசி டெஸ்ட். சாயங்காலம் மார்க்கைப் பூட்டிடுவாங்க. மூணாவது கொடியும் விழுந்தா உள்மதிப்பீடு மொத்தமும் பூஜ்யம். செமஸ்டர் எழுத முடியாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆய்வுக்குழு என்ற சொல்லைக் கேட்டாலே பயந்துவிடுகிறவர், அவ்வளவுதான்.

எனக்கும் பயம் வந்தது. மலையிலிருந்து வரும் பிள்ளைகளில் ஒரு செமஸ்டர் விட்டுப்போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கத்தினேன். என் கோபம் அப்படித்தான், முதலில் வந்து நிற்கும். யோசனை அப்புறம்தான் வரும்.

"யாருடி உனக்கு பரீட்சை எழுதறது?"

அவள் அழவில்லை. "எங்கப்பா, மேம்" என்றாள்.

விஷயம் இதுதான். எங்கள் போர்ட்டல் மாணவர்களுக்குச் செல்போனில் மட்டும்தான் திறக்கும். ஒரு மாணவருக்கு ஒரு எண், ஒரு போன். பிறர் போனில் நுழைந்தால் வெளியே தள்ளிவிடும். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க இந்த ஏற்பாடு. அவள் வீட்டில் இருப்பதே ஒரு போன். அதில்தான் அவள் பெயரைப் பதிந்தோம். மிளகு பறிக்கும் பருவம் வந்ததும் அவள் அப்பா அந்தப் போனை எடுத்துக்கொண்டு குடகுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். தேர்வு நேரத்தில் அவர் போர்ட்டலைத் திறந்து கேள்வியை வாசிப்பார். இவள் தோழியின் போனிலிருந்து அவரை அழைத்துப் பதில் சொல்லுவாள். அவர் அங்கே அந்த விடையைத் தொடுவார்.

"உங்கப்பா இன்னா படிச்சிருக்காரு?"

"அஞ்சாவது, மேம். வாசிப்பாரு. கொஞ்சம் மெதுவா."

"அவர எதுக்கு வாசிக்க வைக்கிற? பக்கத்துல இருக்கிற பொண்ணோட கேள்வியப் பாத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஒவ்வொருத்தருக்கும் கேள்வி மாறி மாறி வருது, மேம். நீங்கதான் அப்படி வச்சிருக்கீங்க."

நான்தான் வைத்திருந்தேன். காப்பியடிப்பதைத் தடுத்துவிட்டேன் என்று துறைக் கூட்டத்தில் பெருமையடித்துக்கொண்டும் இருந்தேன்.

துறைத்தலைவரிடம் சொன்னபோது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அஞ்சாவது படிச்சவர் பொருளியல் கேள்வி வாசிக்கிறாரா? நல்லாவே காது குத்தியிருக்கு உங்களுக்கு." நான் விடவில்லை. மூணு மணித் தேர்வை நம் கண்ணெதிரிலேயே எழுதட்டும், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து ஒப்புக்கொண்டார், இரண்டு நிபந்தனைகளோடு. நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அவள் வாயிலிருந்து வராத பதில் ஒன்று விழுந்தாலும் மூன்று தேர்வும் ரத்து.

மூணு மணிக்கு அவர் அறைக் கதவைச் சாத்தினோம். தோழியின் போன் மேசைமேல், ஒலிபெருக்கியில். என் மடிக்கணினியில் அவளுடைய தேர்வுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இருபது கேள்வி, அரை மணி நேரம். எந்தக் கேள்வி திறந்திருக்கிறது, எதைத் தொட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இணைப்பில் இருந்தால் பெயருக்கு முன்னால் பச்சைப் புள்ளி எரியும்.

"பாப்பா, ரோட்டாண்ட வந்துட்டேன். இங்கதான் டவர் கெடைக்குது. ஆரம்பிக்கட்டா?" என்றது ஒரு குரல். பின்னால் மழைச் சத்தம்.

"ஆரம்பிப்பா."

"பின்... வரு... வன... வற்றுள்... எது..."

என் கேள்வியை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் காதால் கேட்டேன். ஏன் இவ்வளவு நீளமாக எழுதித் தொலைத்தேன்? 'இவற்றில் எது' என்று எழுதினால் குறைந்தா போயிருப்பேன்? ஒவ்வொரு சொல்லையும் அவர் எழுத்துக்கூட்டிக் கூட்டி ஏறினார்.

"மூணாவதுப்பா."

"இரு பாப்பா, நாலாவதும் ஒண்ணு கீது. அதையும் கேட்டுக்கோ."

"வேணாம்பா, நேரம் ஓடுது."

"கேட்டுட்டு சொல்லு. அவசரப்படாத."

வாசித்தார். அவள் மறுபடி மூன்று என்றாள். என் திரையில் மூன்று விழுந்தது. துறைத்தலைவர் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டார்.

இப்படியே போயிற்று. பணவீக்கத்தில் அவர் தடுக்கினார். தலா வருமானத்தை இரண்டு தரம் வாசித்தார். நடுவில் யாரோ தூரத்திலிருந்து அதட்ட, "இதோ வந்துட்டேங்க மேஸ்திரி, பொண்ணுக்குப் பரிச்சங்க" என்று கத்திவிட்டுத் தொடர்ந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், டக்கென்று சொன்னாள். தவறு ஒன்றுகூட இல்லை. துறைத்தலைவரின் முகம் இளகுவதைப் பார்த்தேன். பத்தொன்பது கேள்வி முடிந்தது.

அப்போது போன் துண்டித்துக்கொண்டது.

அவள் உடனே அழைத்தாள். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது போன். மறுபடி அழைத்தாள். அதேதான்.

"வேற யார்கிட்ட பேசறாரு?" என்று நிமிர்ந்தார் துறைத்தலைவர். "கடைசிக் கேள்விக்கு வேற யாரையோ கேக்கறாரு பாருங்க. இதுதான் நான் சொன்னது."

திரையில் கடைசிக் கேள்வி திறந்திருந்தது. பச்சைப் புள்ளியும் எரிந்தது. ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் கல்வராயன் மலையில் பயிராகும் கிழங்கு எது? எல்லாரும் ஒரு மார்க்காவது வாங்கட்டும் என்று நான் வைத்த சுலபக் கேள்வி. அதைக் கொண்டுபோய் இவளுக்குக் கடைசியில் போட்டிருந்தது போர்ட்டல்.

அவள் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"மேம், அது அவருக்குத் தெரியும்" என்றாள். "எங்க கொல்லையில அதான் மேம் போடறாரு, வருஷா வருஷம். தொட்டுடுவாரு."

தொட்டால் மூன்று தேர்வும் போகும். ஒரு விரல் ஒரு தரம் பட்டால் போதும். ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது. அவள் அழைத்துக்கொண்டே இருந்தாள். பிஸி. பிஸி. அந்தப் பச்சைப் புள்ளி அணைந்துபோகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். என் வேலையில் நான் அப்படி வேண்டியது அந்த ஒரு தரம்தான். அது அணையவில்லை. அவர் அங்கேதான், கேள்விக்கு முன்னால்தான் இருந்தார்.

"தொடாதப்பா, தொடாதப்பா" என்று அவள் என் திரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். துறைத்தலைவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். மூன்று நிமிடம். ஒன்று. ஒன்றும் விழவில்லை.

நேரம் முடிந்து பக்கம் தானாக மூடிக்கொண்டது. கடைசிக் கேள்விக்கு நேரே 'விடையளிக்கப்படவில்லை' என்று வந்தது.

அவள் போனை மேசையில் வைத்தாள். வைத்த கணமே அது அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் அவர் இவளைத்தான் அழைத்துக்கொண்டிருந்தார். இவள் அவரை அழைக்க, அவர் இவளை அழைக்க, இரண்டு பக்கமும் பிஸி.

"பாப்பா, எத்தினி வாட்டி போட்டேன், லைனே கெடைக்கல. கடைசி ஒண்ணு நின்னுபோச்சு பாப்பா. மரவள்ளிக் கெழங்குதானே அது?"

"ஆமாம்பா."

"எனக்கும் தெரிஞ்சிது. ஆனா நீ சொல்லாம நான் எப்பிடித் தொடறது? உன் பரிச்ச இல்ல?"

துறைத்தலைவர் என் கையிலிருந்து மௌஸை வாங்கினார். அன்றைக்கு விழுந்ததையும் சேர்த்து மூன்று கொடிகளையும் எடுத்துவிட்டு, காரணம் கேட்கும் கட்டத்தில் 'நேரில் விசாரித்தேன்' என்று அடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"ஒரு மார்க் போச்சா பாப்பா?" என்றது போன்.

"ஒண்ணுதாம்பா."



"நான் வெரசா வாசிச்சிருக்கணும்" என்றார்.