கோபத்தோடு கொடுத்த வேட்டி

போன ஞாயிறு மலாக்கா புக்கிட் பாருவில் ஒரு பதினாறாம் நாள் காரியம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவர் மைக்கைப் பிடித்தார். தியான வகுப்பு நடத்துகிறவராம்.

"கோபத்த விடுங்க. விட்டாத்தான் மனசுக்கு அமைதி கிடைக்கும். எல்லாரும் கண்ண மூடுங்க!"

எல்லாரும் மூடினார்கள். நான் மூடவில்லை. என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே! எழுந்து வந்துவிட்டேன். அமைதியைப் பற்றி எனக்கே பாடமா?

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலம். காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் நானும் என் அண்ணன் மாணிக்கமும் இருந்தோம். அப்பா அம்மா கிடையாது. எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் சைக்கிள் கடையில் வேலை செய்தான்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்றான் ஜப்பான்காரன். எங்கள் வட்டாரத்தில் பெயர் எழுதிக் கொடுத்தவர், நாலு வீடு தள்ளியிருந்த கிராணி, ஜப்பான்காரன் ஆபீசில் கணக்கெழுதுகிறவர். என் அண்ணனோடு சேர்த்து, கல்யாணம் ஆகாத பையன்கள் எல்லாருடைய பெயரையும் எழுதினார். அவருக்கும் கல்யாணம் ஆகாத மகன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் மட்டும் ஏனோ பேனாவுக்கு வரவில்லை!

"மூணே மாசம். திரும்பி வந்துடுவான்மா" என்றார்.

மூன்று மாதம் போனது. ஒரு வருஷமும் போனது. கூடப் போனவர்களில் தப்பித்து வந்த ஒருவர், எலும்பும் தோலுமாக எங்கள் வாசலில் உட்கார்ந்து சொன்னார்: "காலராம்மா. காலையில படுத்தான், சாயங்காலம் போயிட்டான். எல்லாரையும் ஒரே குழியில..."

காரியம் செய்ய வேண்டும் என்றேன். கிராணி ஓடி வந்தார். "ஆபீஸ்ல அவன் உயிரோட இருக்கான்னுதான் இருக்கு. பொணத்த யார் பாத்தா? அபசகுனமாப் பேசாத" என்றார். பூசாரியும் தலையாட்டினார். செத்தவனைச் செத்தான் என்று சொல்லக்கூட அந்த ஆளிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது!

எனக்கு அழுகை வரவில்லை. அண்ணனுடைய வெள்ளை வேட்டி ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஊரே கோணிச் சாக்கைத் தைத்து உடுத்திய நேரம். "அதைக் கிழிச்சு ஒரு ரவிக்கை தச்சுக்கோடி" என்று சொல்லாதவர் இல்லை. நான் தொடவில்லை. அவன் வந்து கேட்டால்?

அப்போதுதான் பக்கத்து வீட்டு சோமாவதி அக்கா காய்ச்சலில் போனார். மருந்து கிடைக்கவில்லை. சிங்களக் குடும்பம், கணவர் குணதாச, நகை வேலை செய்கிறவர். சண்டையில் கப்பல் இல்லாமல் மலாக்காவிலேயே மாட்டிக்கொண்ட வயதான பிக்கு ஒருவர் சடங்குக்கு வந்தார்.

அவர்கள் வழக்கப்படி, இறந்தவர் பெயரால் பிக்குவுக்கு ஒரு வெள்ளைத் துணி கொடுக்க வேண்டும். அந்தப் புண்ணியம் போனவரைச் சேருமாம். வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? குணதாச சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கிராணி உள்ளே வந்தார். கையில் மடிப்புக் கலையாத புதுத் துணி. "நமக்குக் கிடைக்காதா என்ன?" என்று ஒரு சிரிப்பு வேறு.

எந்தக் கையால் எழுதினாரோ, அதே கையில் துணி! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டுக்கு ஓடினேன். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து குணதாசவிடம் நீட்டினேன்.

"அண்ணே, அந்தத் துணி வேணாம். இத வச்சுக் குடுங்க."

"தங்கச்சி... இது மாணிக்கத்தோட வேட்டி இல்லையா?"

"ஆமா. அவன் இனிமே வர மாட்டான்."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

குணதாச என் வேட்டியை வாங்கிக்கொண்டார். பிக்கு மலாய் மொழியில், "இது யாருடைய துணி?" என்று கேட்டார். அண்ணன் பெயரைச் சொன்னேன். பிணம் எங்கே, ஆபீசில் என்ன எழுதியிருக்கிறது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. சோமாவதி பெயரோடு மாணிக்கம் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

பிறகு ஒரு செம்பில் தண்ணீர். உறவினர்கள் எல்லாரும் சேர்ந்து பிடித்து ஒரு கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். கிண்ணம் நிரம்பி வழிய வேண்டும். குணதாச என் கையையும் இழுத்துச் செம்பில் வைத்தார். கிராணியும் கையை நீட்டினார். முழங்கையால் ஓர் இடி இடித்தேன். மனிதர் இரண்டடி பின்னால் போனார்.

பிக்கு பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ஓதுவதை நிறுத்தவே இல்லை. தண்ணீர் வழிந்து என் விரல்களை நனைத்தது. ஒன்றரை வருஷத்து அழுகை அப்போது வந்தது பாருங்கள்! என் அண்ணன் என் பக்கத்திலேயே நின்றான். சத்தியமாகச் சொல்கிறேன், அவனுடைய சைக்கிள் எண்ணெய் வாசனை எனக்கு அடித்தது. மார்பில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. அப்படியோர் அமைதி எனக்கு எந்தக் கோயிலிலும் கிடைத்ததில்லை.

கிராணி மேல் இருந்த கோபம்? அது அப்படியே இருந்தது. அவர் செத்துப் பல வருஷமாகிறது, இன்னும் இருக்கிறது. மன்னித்துவிடு என்று அந்தப் பிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே... அதற்காகவே அவரைக் கும்பிடுகிறேன்.

கோபத்தை விடச் சொல்கிறார் மைக் பிடித்தவர். எப்படி விடுவது ஐயா? என் அண்ணனுக்குக் காரியம் செய்து வைத்ததே அதுதான்!