செகண்ட்ஸ் பொங்கியண்ணன் வாங்கிய ஒரிஜினல் கிதார்

பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் போய்ப் பொங்கியண்ணன் கடை எது என்று கேட்டால் விழிப்பார்கள். செகண்ட்ஸ் பொங்கியண்ணன் என்று கேளுங்கள். டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வழிகாட்டுவார். அந்த வீதியில் எல்லாருமே செகண்ட்ஸ்தான் விற்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் அதை விற்றார்கள். பொங்கியண்ணன் அதிலேயே வாழ்ந்தார். அதனால் அந்தப் பட்டம் அவர் ஒருவருக்கே நிலைத்தது.

வெளிநாட்டுக்குப் போக வேண்டிய பனியனில் ஒரு தையல் விட்டிருந்தால் போதும், ஒரு சொட்டு எண்ணெய் பட்டிருந்தால் போதும், கம்பெனிக்காரர்கள் ஈவிரக்கமில்லாமல் அதைக் கழித்துப் போட்டுவிடுவார்கள். கப்பல் ஏறக் கனவு கண்ட அந்த ஜீவன்கள் சாக்குமூட்டைக்குள் முகம் புதைத்துக் கிடக்கும். அவற்றை அள்ளி வந்து, தூசு தட்டி, மடித்து அடுக்கி, வாழ்வு கொடுத்தவர் பொங்கியண்ணன்.

"சின்ன டேமேஜ்தானுங்க. போட்டா தெரியாது."

இதுதான் அவருடைய வசனம். எனக்கும் இதைச் சொல்லி ஒரு டீ-சர்ட்டைத் தள்ளிவிட்டிருக்கிறார். அதன் ஒரு கை இன்னொன்றைவிட இரண்டு விரல் நீளம். போட்டால் நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும், அவர் சிரித்த முகத்தோடு நீட்டும்போது மறுக்க எந்த நெஞ்சுக்குத் துணிவு வரும்?

நல்லூரில் உள்ள அவர் வீட்டிலும் முதல் தரமான பொருள் என்று ஒன்றும் கிடையாது. குக்கர் விசிலடிக்காது, அவர் மனைவி சின்னாத்தாள்தான் மூக்கால் மோந்து பார்த்து இறக்க வேண்டும். குடை தனக்குத் தோன்றியபோது விரியும். ஒரே மகள் தரணி பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன ஸ்வெட்டரில் இருந்த குதிரைக்கு மூன்று கால்கள். அதையெல்லாம் அந்தக் குழந்தை வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டது.

பொறுக்க முடியாதது அவள் கல்யாணத்தில் நடந்தது.

மாப்பிள்ளை கதிர்வேலுக்குக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கணியூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் எல்லாருக்கும் ஆளுக்கொரு பூந்துண்டு கொடுத்து மரியாதை செய்தார் பொங்கியண்ணன். வாங்கியவர்கள் விரித்துப் பார்த்தார்கள். வைகாசி மாதத்து முகூர்த்தத்தில், ஒவ்வொரு துண்டிலும் கிறிஸ்துமஸ் தாத்தா வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அதிலும் பாதிப் பேருக்கு ஒற்றைக் கண் தாத்தா.

கதிர்வேலின் அக்கா அமராவதி அன்று பிடித்துக்கொண்ட சிரிப்பை அப்புறம் விடவே இல்லை. தரணி காபி கொண்டுபோனால், "இது ஃபர்ஸ்ட் குவாலிட்டிதானே தரணி?" தோசை ஓரம் கருகினால், "பரவால்ல, சின்ன டேமேஜ்தான்!" சிரித்துக்கொண்டே குத்தும் அந்த ஊசியை எந்த மருமகள் தாங்குவாள்?

இந்த நிலையில்தான், இரண்டாயிரத்து ஆறாம் வருடம், தலை தீபாவளி வந்தது.

அழைக்கப் போன பொங்கியண்ணன் முறைப்படி கேட்டார். "மாப்ள, தீவாளிக்கு என்னங்க வேணும்? கூச்சப்படாமச் சொல்லுங்க."

"ஒண்ணும் வேண்டாங்க மாமா."

"அட, சொல்லுங்க மாப்ள!"

கதிர்வேல் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். கல்யாணப் பேச்சின்போது, காலேஜில் கிதார் வாசிப்பேன் என்று அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான். "எலக்ட்ரிக் கிட்டாருன்னா கொஞ்சம் புடிக்குமுங்க" என்று இப்போதும் அதை ஒட்டியே சொல்லிவைத்தான்.

தரணி அப்பாவைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். அவள் கண்களில் நீர் முட்டி நின்றது.

"அப்பா, இந்த ஒரு தடவை மட்டும் ஒரிஜினலா வாங்குங்கப்பா. தீவாளிக்கு அமராவதி அண்ணியும் நம்மூட்டுக்கு வாராங்க. இதுலயும் ஏதாச்சும் கோளாறுன்னா, எனக்கு அந்த ஊட்ல தலைநிமுந்து நிக்க முடியாதுங்கப்பா."

"அழுகாத கண்ணு. ஒரிஜினலே வாங்கறேன்."

சொல்லிவிட்டார். வாழ்நாளில் ஒரு முறைகூடச் செய்யாத காரியத்தைச் செய்வதாக, பெற்ற மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்!

மறுநாள் காலையில் கோயமுத்தூரில் ஒரு இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தார். விற்பனையாளர் ஜெபக்குமார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இரண்டு கிதார்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே வடிவம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

"இது அமெரிக்கா கம்பெனி ஒரிஜினல், அண்ணாச்சி. இது அதேமாதிரி உள்ள லோக்கல் சரக்கு."

பொங்கியண்ணன் சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். ஒரிஜினலை நீளம் அளந்தார், அகலம் அளந்தார், குப்புறப் போட்டுத் தடவினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க, இதுல நடுவுல ஓட்டையே போடலீங்களே?"

"எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஓட்டை கிடையாது அண்ணாச்சி."

"இங்க பாருங்க, ஓரத்துல ஒண்ணு போட்டிருக்கறான். நடுவுல போட வேண்டியதை உட்டுப்போட்டு ஓரத்துல போட்டுட்டானுங்க."

"அது வயர் சொருகுத இடம்லா!"

"இந்தத் தோளு ஒசரம், அந்தத் தோளு எறக்கம். கட்டிங் மாஸ்டர் தூங்கிப்போட்டானாட்டருக்குது."

"அண்ணாச்சி, அதுதான் டிசைனு!"

"எல்லாரும் இப்புடித்தானுங்க சொல்றாங்க" என்று பொங்கியண்ணன் பரிவோடு சிரித்தார். பிறகு ஜெபக்குமார் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார். பொங்கியண்ணன் காதைக் கையால் குவித்துக்கொண்டு கேட்டார்.

"வித்தியாசம் தெரியுதா அண்ணாச்சி?"

"ரெண்டும் கிய்யா மிய்யான்னுதானுங்க கேக்குது."

விலையைக் கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. ஒரிஜினலின் விலைக்கு ஒரு பழைய ஓவர்லாக் தையல் மெஷினே வாங்கிவிடலாம். போதாக்குறைக்கு, லோக்கல் சரக்கோடு உறை இலவசம், தோள்வார் இலவசம், சத்தம் வரும் ஒரு சின்னப் பெட்டியும் இலவசம். ஒரிஜினலோடு ஒன்றும் கிடையாது.

அந்த இரண்டு சிவப்புக் கிதார்களுக்கு நடுவே நின்ற அந்தத் தந்தையின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! வலது கை தானாக லோக்கலைத் தொட்டது. முப்பது வருடப் பழக்கம் அந்தக் கையில் இருந்தது. அப்போது சமையலறையில் நீர் முட்டி நின்ற இரண்டு கண்கள் அவர் மனத்திரையில் வந்து நின்றன. கையைச் சுட்டுக்கொண்டவர்போல இழுத்துக்கொண்டார்.

"தம்பி, ஒரிஜினல்ல எங்கியாச்சும் லேசா அடிபட்ட பீசு இருக்குதுங்களா?"

"இல்ல அண்ணாச்சி."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்களே பொறத்தால ஒரு கீறல் போட்டு, வெலையக் கொறச்சுக் குடுங்களேன்."

ஜெபக்குமார் பச்சைக் குழந்தையைக் காப்பவர்போலக் கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, நான் ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிக்கவன். என்னைய இந்தப் பாவத்தைச் செய்யச் சொல்லாதிய!"

பொங்கியண்ணன் கண்களை இறுக மூடிக்கொண்டு பணத்தை நீட்டினார்.

"அந்தப் பெட்டியத் தனியா வாங்கிக்கிடுங்க. அது இல்லாம சத்தம் வராது" என்றார் ஜெபக்குமார்.

பொங்கியண்ணனுக்கு மறுபடி உஷார் வந்தது. எந்த வியாபாரி கடைசி நேரத்தில் எதைத் தலையில் கட்டுவான் என்று அவருக்குத் தெரியாதா? "கரண்டு எங்கூட்லயே இருக்குதுங்க" என்று வெட்டிச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

தீபாவளி வந்தது. போனஸ் வாங்கிய தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டதால் நல்லூர் வீதிகளில் ஒரு பனியன் மெஷின்கூட ஓடவில்லை. எண்ணெய்க் குளியல் முடிந்து, பலகாரம் முடிந்து, எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அமராவதி சோபாவில் நடுநாயகமாக இருந்தாள். பொங்கியண்ணன் கிதாரைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார்.

"ஒரிஜினலுங்க மாப்ள. அமெரிக்கா."

தரணியின் முகத்தில் பூர்ணசந்திரன் உதித்தது.

"வாசி கதிரு" என்றாள் அமராவதி.

கதிர்வேல் ஒரு கம்பியைத் தட்டினான். க்ளிக் என்று ஒரு சின்னச் சத்தம், அடுத்த அறையில் யாரோ நகம் வெட்டுகிற மாதிரி. இன்னொரு கம்பியைத் தட்டினான். இன்னொரு நகம்.

அமராவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க மாமா, இதுலயும் கிறிஸ்துமஸ் தாத்தா எங்கியாச்சும் ஒளிஞ்சிருக்கறாருங்களா?"

தரணியின் முகத்துச் சந்திரனை மேகம் மூடியது. பொங்கியண்ணனுக்குக் கூடமே சுழன்றது. "சத்தியமா ஒரிஜினலுங்க அம்மணி! கண்ணு, அப்பன நம்பு!"

"ஒரிஜினல்தானுங்க மாமா" என்றான் கதிர்வேல் அவசரமாக. "இதுக்கு ஆம்ப்ளிஃபையர் வேணுமுங்க. அது இல்லீங்கல்ல, பரவால்லீங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்." பேசிக்கொண்டே கிதாரை அது வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடியேவிட்டான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஆனால் மகளின் மானம் போய்க்கொண்டிருக்கும்போது எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்?

"ஆம்ப்ளிஃபையருதானுங்களே? சித்தெ இருங்க!"

அடுத்த வீதியில் மைக்செட் வைத்திருக்கும் நல்லான், வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார். கோயில் நோன்பிக்குக் கட்டும் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் மொட்டைமாடியில் ஏறின. எந்த வயரை எதில் சொருகினாரோ, கிதாரிலிருந்து 'ஊ' என்று ஒரு ஊளை கிளம்பி வீதி முழுக்க எதிரொலித்தது.

"ஹலோ, ஹலோ. ரெடிங்க மாப்ள, அடிங்க!" என்றார் நல்லான்.

"மாமா, இன்னிக்கு வேண்டாங்களே" என்று கதிர்வேல் கெஞ்சினான். அவன் புதுச்சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"வாசிங்க!" என்றாள் தரணி. குரல் உடைந்திருந்தது. "எங்கப்பா ஏமாத்தலைன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

கதிர்வேல் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தான்.

அந்தச் சத்தத்தை என்னவென்று எழுதுவேன்! தகரக் கதவைத் தார்ரோட்டில் இழுத்துக்கொண்டு போனதுபோல இருந்தது என்றால் கதவு கோபித்துக்கொள்ளும். வெடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்த நாய், இதைவிட வெடியே மேல் என்று வீதிக்கு ஓடியது. பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தவர்கள் கொளுத்துவதை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏனுங்க பொங்கியண்ணே, தீவாளியன்னிக்கி எதுக்குங்க மெஷினு ஓட்டறீங்க? பெல்ட்டு அந்துபோச்சாட்டருக்குது, பாருங்க!"

கதிர்வேல் கையை எடுத்தான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க மாமா" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "காலேஜ்ல எங்க ரூம்ல இருந்த பையன் வாசிப்பானுங்க. நான் அவனுக்குக் கிட்டாரைத் தூக்கிட்டுப் போவேன். தரணிகிட்ட ஒரு வார்த்தை பெருமைக்குச் சொல்லிப்போட்டேனுங்க."

பொங்கியண்ணன் மெதுவாக எழுந்தார். கிதாரை வாங்கி ஒரு முறை புரட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சட்டென்று அவர் முகம் விடிந்தது.

"அப்பக் கிட்டாருல கோளாறு இல்லீங்க! நல்லான், நீங்க சாட்சி! அமராவதியம்மணி, நல்லாப் பாத்துக்குங்க. எங்க பக்கம் ஃபர்ஸ்ட் குவாலிட்டி. டேமேஜு உங்க பக்கமுங்க!"

சின்னாத்தாள் பதறிப்போய், "ஏனுங்க, மாப்ளையப் போயி!" என்று அவர் கையைப் பிடித்தாள். அமராவதியின் வாய் திறந்தபடியே நின்றது. தரணி தலைநிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குன்றிப்போய் உட்கார்ந்திருந்த கணவன் பக்கத்தில் போய் அமர்ந்து, ஒட்டியிருந்த அவன் சட்டையின் தோள்பட்டையை நீவிவிட்டாள். கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

"சின்ன டேமேஜ்தானுங்கப்பா" என்றாள். "போட்டா தெரியாது."

அதைக் கேட்டதும் அந்த முரட்டு வியாபாரி குழந்தைபோல விம்மினார். நல்லான் மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் அந்த விம்மலை நல்லூர் முழுவதும் கேட்டது.

சாயங்காலம் அமராவதி கிளம்பினாள். வாசல்வரை வழியனுப்ப வந்த பொங்கியண்ணனிடம், தரணி உள்ளே இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, அந்தத் தாத்தா துண்டு இன்னும் நாலு இருக்குதுங்களா? தலை தொவட்டுனா ஈரத்தை நல்லா இழுக்குதுங்க."

"ஒத்தக்கண்ணுதானுங்களே இருக்குது?"

"அதுவே குடுங்க. தொவட்டறப்பத் தெரியவா போகுது!"